மருத்துவமனை வேலைக்கு எந்தப் படிப்பு? பத்தாவது, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், பேருந்து நிலையச் சுவர்களில் 'நூறு சதவீத வேலைவாய்ப்புடன் நர்சிங், லேப் டெக்னீஷியன்' போஸ்டர்கள் முளைத்துவிடும். கட்டணம் கட்டி, படித்து முடித்து, சான்றிதழை எடுத்துக்கொண்டு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கும் 'இந்தப் படிப்பு செல்லாது' என்ற பதில் வருகிறது. பாடம் ஒழுங்காகவே நடந்திருக்கும். அந்தப் பயிற்சி மையத்துக்கு அங்கீகாரம்தான் இருந்திருக்காது. ஆகவே இந்த வழிகாட்டி கல்லூரியிலிருந்து தொடங்கவில்லை. வேலையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. இதில் சொல்லப்படும் நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

முதல் வேலை: பழைய அறிவிக்கை ஒன்றைப் படிப்பது

அரசு மருத்துவமனைகளுக்கு நிரந்தரப் பணியாளர்களை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எம்ஆர்பி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், ரேடியோகிராபர், செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர் என்று ஒவ்வொரு பணிக்கும் அது வெளியிட்ட பழைய அறிவிக்கைகள் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. நீங்கள் குறிவைத்திருக்கும் பணியின் அறிவிக்கையை இறக்கி, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அதில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு என்பது முதலாவது. அதை யார் அங்கீகரித்த நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. படித்த பின் ஏதாவது கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டுமா என்பது மூன்றாவது. முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். லேப் டெக்னீஷியன் பணிக்கு 'மருத்துவக் கல்வி இயக்குநர் அங்கீகரித்த நிறுவனம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் ஊர்ப் பயிற்சி மையங்கள் பல அடிபட்டுப் போகின்றன.

மதிப்பெண் கணக்கையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். லேப் டெக்னீஷியன் போன்ற சில பணியிடங்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்காமல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்படிப்பு ஆகிய மூன்றிலும் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டியே தரவரிசை போட்டிருக்கிறார்கள். அப்படியானால் டிப்ளமோவில் 'பாஸ் ஆனால் போதும்' என்று இருந்துவிட முடியாது. எழுத்துத் தேர்வு உள்ள பணியிடங்களில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காதவரின் முதன்மைத் தாள் மதிப்பெண் கணக்கிலேயே வராது.

உங்கள் கையில் என்ன இருக்கிறது?

பத்தாவது மட்டும் முடித்தவருக்கு வழி குறுகலானதுதான், ஆனால் அடைபட்டதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகப் பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் பயிற்சி உண்டு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாக நடக்கும் இலவசக் குறுகிய காலப் பயிற்சிகளில் ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், வீட்டில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஹெல்த் எய்டு ஆகியவை வரும். படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, வீல்சேரில் ஏற்றி இறக்குவது, சிறுநீர் அளவைக் குறித்து வைப்பது ஆகியவைதான் இவர்களின் வேலை. ஊசி போட இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. சில சிறிய நர்சிங் ஹோம்களில் இவர்களையே 'சிஸ்டர்' என்று அழைத்து ஊசியையும் கையில் கொடுப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான்.

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்குத்தான் கதவுகள் அதிகம். டிஎம்எல்டி எனப்படும் ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ, எக்ஸ்ரே பிரிவுக்கான டிஆர்டிடி ஆகியவை 2 ஆண்டுப் படிப்புகள். டயாலிசிஸ், மயக்கவியல், அறுவை அரங்கு, இசிஜி-டிரெட்மில், இதய ரத்தக்குழாய்களைப் பரிசோதிக்கும் கேத் லேப், அவசர சிகிச்சை, எலும்பு சிகிச்சை டெக்னீஷியன் என்று ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் நீளமாக ஒரு வரிசை இருக்கின்றன. 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், 3 ஆண்டு டிப்ளமோ நர்சிங், இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து 4 ஆண்டு ஆகும் துணை மருத்துவப் பட்டப் படிப்புகள் ஆகியவை அடுத்த படி.

உயிரியல் இல்லாமல் கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் மருந்தாளுநருக்கான டிப்ளமோவான டி.பார்ம். பக்கம் பார்க்கலாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் அதற்குப் போதும். கலை, வணிகப் பிரிவுப் பெண்களுக்கு ஏஎன்எம் எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அது 2 ஆண்டுப் படிப்பு. எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் சேரலாம், வயது 17 முதல் 35 வரை. கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கான வழி இதுதான். 'காமர்ஸ் எடுத்துவிட்டேன், இனி மருத்துவத் துறையே கிடையாது' என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவமனைகளே நடத்தும் பயிற்சிகள் தனி ரகம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து 2 ஆண்டு உதவித்தொகையோடு கண் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவிக்கிறது. வேலூர் சிஎம்சி நிறையத் துணை மருத்துவப் படிப்புகளை நடத்துகிறது. கைப்பழக்கம் இங்கே நன்றாக வரும், இடங்கள் குறைவு. எந்தப் பயிற்சி வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், அறிவிக்கையில் பார்த்த அங்கீகார வரியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுச் சேருங்கள்.

யார் அங்கீகரிக்க வேண்டும்?

நர்சிங்கில் குழப்பம் இல்லை. ஏஎன்எம், டிப்ளமோ நர்சிங், பி.எஸ்சி. நர்சிங் ஆகிய மூன்றுக்கும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் வேண்டும். முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி செவிலியர் இல்லை. 'ஒரு வருட நர்சிங் டிப்ளமோ' என்று யார் விற்றாலும் அதை முடித்தவரைக் குழுமம் பதிவு செய்யாது. இந்த ஒரு தகவல் தெரியாமல் இழந்த பணம் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சமில்லை.

டி.பார்ம். படிப்புக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரி இருக்க வேண்டும். 2 ஆண்டு வகுப்பு முடிந்த பிறகு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. குறைந்தது 3 மாதத்தில் பரவ வேண்டிய அந்தப் பயிற்சியில் 250 மணி நேரமாவது மருத்துவர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். மாமாவின் மெடிக்கல் ஷாப்பில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அந்தக் கடை பயிற்சிக்குத் தகுதியானதல்ல என்று பதிவின்போது திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. கல்லூரி முதல்வரிடம் பயிற்சி இடத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

டெக்னீஷியன் படிப்புகள்தான் சிக்கலான இடம். மருத்துவக் கல்வி இயக்ககம், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இரண்டில் ஒன்றின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் 2021இல் வந்த தேசியத் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். துணை மருத்துவத் தொழிலர் என்று கருதப்பட 2 முதல் 4 ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஓராண்டுச் சான்றிதழோடு இன்றைக்கு வேலை கிடைக்கும், தனியார் மருத்துவமனைகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இதையே வாழ்நாள் தொழிலாக நினைப்பவர், இடம் கிடைக்கும்பட்சத்தில், 2 ஆண்டு டிப்ளமோவை விட்டுவிட்டு ஓராண்டுப் படிப்புக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எது அங்கீகாரம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9001 சான்று நிர்வாக முறைக்கானது, படிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அறக்கட்டளைப் பதிவு எண், சிறுதொழில் பதிவு, 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்ற வாசகம் எதுவுமே படிப்பைச் செல்லுபடியாக்காது.

தனியார் மையத்தில் கேட்க வேண்டியவை

இந்தக் கேள்விகளைப் பெற்றோரோடு நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம்.

- அங்கீகார ஆணையின் நகலைக் காட்ட முடியுமா? அதில் இந்தப் படிப்பின் பெயரும், இந்த ஆண்டும், இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா? பிஎஸ்சி படிப்புக்கு வாங்கிய ஆணையைக் காட்டி டிப்ளமோவில் சேர்ப்பது நடக்கிறது.
- மருத்துவமனைப் பயிற்சி எங்கே? எத்தனை படுக்கை? 'டை-அப்' என்று மட்டும் சொன்னால் அந்த மருத்துவமனைக்கே போய் விசாரியுங்கள்.
- சான்றிதழில் யார் கையெழுத்து? போன ஆண்டு முடித்தவரின் சான்றிதழ் நகல் ஒன்றைப் பார்க்கலாமா?
- மொத்தக் கட்டணம் எவ்வளவு? சீருடை, தேர்வுக் கட்டணம், விடுதி, பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதித் தர முடியுமா?
- இடையில் நின்றால் அசல் சான்றிதழ்களை எப்போது தருவீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பலர் சிரித்து மழுப்புவார்கள். அசல் டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்து வைத்துக்கொண்டு மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. சேரும்போது ஒப்படைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். முதலிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இணையவழியில் விண்ணப்பம் வாங்குகிறது. பட்டப் படிப்பு, டிப்ளமோ நர்சிங், டி.பார்ம்., சான்றிதழ்ப் படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு, தனித்தனித் தேதி. பட்டப் படிப்புக்குப் போட்ட விண்ணப்பமே சான்றிதழ்ப் படிப்புக்கும் போதும் என்று இருந்துவிட்டு வாய்ப்பை இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறையாவது அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை மே மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் மொய்க்கும். இன்ஷியல் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா சுப்பிரமணி', சாதிச் சான்றில் 'கவிதா' என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் அலைய வேண்டிவரும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே எளிது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். மையம் 'எங்களிடம் அந்தத் திட்டம் இல்லை' என்று சொன்னால், ஏன் இல்லை என்று கேளுங்கள். பதிலிலிருந்தே அங்கீகார நிலவரமும் பாதி தெரிந்துவிடும்.

பயிற்சிக்காலம்

வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் ஊசி, 1 மாதத்தில் இரண்டாவது, 6ஆம் மாதத்தில் மூன்றாவது. மூன்றாவது போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யலாம். ரிப்போர்ட்டில் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. சேர்ந்த வாரமே தொடங்கினால்தான் இந்தக் கணக்கு ஓடும். கல்லூரி போடவில்லையென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது குப்பை. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் முதல் வாரத்தில் திட்டு வாங்குவது இதற்காகத்தான். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில். ஐவி குழாய், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சு சிவப்பில். ஊசி, பிளேடு எல்லாம் குத்தினாலும் துளையாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. விரலில் குத்துவது அநேகமாக அப்போதுதான். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. திட்டுக்குப் பயந்து மறைப்பவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

லேப் பக்கம் போகிறவர்கள் ரத்தம் எடுப்பதில் கை பழக வேண்டும். குழாய்களை நிரப்பும் வரிசையில் காரணம் இருக்கிறது. ரத்தக் கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு நீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாக் குழாயை முதலில் நிரப்பிவிட்டுச் சிவப்புக்கு வந்தால், ஊதாவில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ மருந்தின் துளி ஒட்டிக்கொண்டு வரும். அது பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் நோயாளிக்கு இல்லாத பொட்டாசியம் ஏறியும் கால்சியம் குறைந்தும் ரிப்போர்ட் வரும். மருத்துவர் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவார். நீலக் குழாயில் மருந்து ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும், அந்தக் குழாயைத் தள்ளிவிட வேண்டியதுதான். கையில் கட்டும் பட்டையை 1 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். ஊதாக் குழாயை 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் ரத்தச் செல் உடையும். பெயர் ஒட்டுவது நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே. 'உங்கள் பேர் லட்சுமியா?' என்று கேட்காதீர்கள், அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். 'பேர் சொல்லுங்கம்மா' என்று கேட்டு, ஐபி எண்ணோடு (உள்நோயாளி எண்) ஒப்பிடுங்கள்.

உதவியாளர் வேலைக்கு வருகிறவர்கள் மூச்சை முழு 1 நிமிடம் எண்ணப் பழகுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், மூச்சு சீராக இல்லாதவரிடம் கணக்குத் தப்பும். வீல்சேரில் ஏற்றும் முன் இரு சக்கரப் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள். அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துச் சார்ட்டில் எழுதுங்கள். எழுதாததைச் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எக்ஸ்ரே பிரிவில், உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் கேளுங்கள். மார்பளவில், ஈய அங்கிக்கு உள்ளே அணிய வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை அதை அளவிட அனுப்புவார்கள். பேட்ஜ் தராமல் மாணவரை அறைக்குள் நிறுத்தும் இடத்தில் பயிற்சி எடுக்காதீர்கள். டயாலிசிஸ் பிரிவில் இயந்திரத்தை விடத் தண்ணீரைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் ஆர்ஓ நீரில் கலந்த சுமார் 120 லிட்டர் திரவம், வடிகட்டிச் சவ்வுக்கு மறுபக்கம், நோயாளியின் ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. அந்த நீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் ரத்தச் சிவப்பணு உடையும்.

ஒவ்வொரு நாளும் செய்ததை லாக் புத்தகத்தில் எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் அந்த சிஸ்டர் இடமாற்றலாகிப் போயிருப்பார்.

முதல் வேலை

படிப்பு முடிந்ததும் கவுன்சில் பதிவு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இரண்டையும் உடனே முடியுங்கள். எம்ஆர்பி எப்போது அறிவிக்கும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். அதுவரை மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணிகளைப் பாருங்கள். விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், கடைசித் தேதிக்குச் சில நாட்களே இருக்கும், நேரிலோ தபாலிலோ கேட்பார்கள். சான்றொப்பமிட்ட நகல் தொகுப்பு இரண்டு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங், ஏஎன்எம், டிஎம்எல்டி, உயிரியல் சார்ந்த பட்டம் முடித்தவர்களை எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் உடலமைப்பு, முதலுதவி அடிப்படை கேட்பார்கள், பிறகு நேர்காணல். தேர்வானவர்களுக்கு அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். 12 மணி நேர ஷிஃப்ட், இரவு உண்டு, எந்த மாவட்டத்திலும் போடுவார்கள். இதற்குச் சம்மதமென்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

தனியார் மருத்துவமனையில் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட, பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பிஎஃப் கணக்கில் மாதாமாதம் ஏறும் பணம், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி. பின்னால் அனுபவச் சான்று தர இழுத்தடித்தாலும் கையில் ஆதாரம் இருக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம், விட்டுப் போனால் எவ்வளவு தொகை என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் அனுபவச் சான்றின் வாசகமே முக்கியம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், எந்தப் பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை ஆகிய ஐந்தும் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் இந்தச் சான்றை மூல நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள், எனவே பதில் தரக்கூடிய மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். செவிலியர்கள் தனியார் ஏஜென்டிடம் பணம் கட்டும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் அதே நாட்டுக்கு அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.